நான்கு ஜேம்ஸ் ஃபிளெட்டும் ஒருவரல்லர்

10 மார்ச் 1987, செவ்வாய்க்கிழமை, காலை 9.40 மணி
மனு எண் 2 (16-02-1987 நாளிட்ட முதல் மனுவுக்கு இன்றுவரை மறுமொழி இல்லை)

அனுப்புநர்:
ஜேம்ஸ் ஃபிளெட் ‘வாத்து’,
ஓய்வுபெற்ற துறைமுக எழுத்தர்,
11, கரைத்தெரு, ஸ்கெர்ரிஹேவன்,
வடகிழக்கு ஸ்காட்லாந்து.

பெறுநர்:
திரு. அலஸ்டேர் கின்னியர்ட் அவர்கள்,
நினைவுச்சின்னங்கள் பிரிவு அலுவலர்,
மாவட்ட மன்றம்.

பொருள்: துறைமுக நினைவுப் பலகையில் பட்டப்பெயர்களை நீக்கியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1931 அக்டோபர் 19, திங்கட்கிழமை வீசிய புயலில், ஹெர்ரிங் மீன் பிடிக்கச் சென்ற எங்கள் துறைமுகத்தின் இரண்டு படகுகள் திரும்பவில்லை. மாண்டவர் பதினேழு பேர். அவர்களுள் பதின்மூவர் ஃபிளெட் குடும்பப்பெயரினர். அப்பதின்மூவருள் நால்வர் ஜேம்ஸ் ஃபிளெட். அந்நால்வரில் ஒருவர் என் தந்தை.

2. 1933இல் நடப்பட்ட நினைவுக்கல்லில் ஒவ்வொரு பெயரின் கீழும் அவரவர் பட்டப்பெயர் வெட்டப்பட்டிருந்தது. ஜேம்ஸ் ஃபிளெட் ‘கேரட்’, ஜேம்ஸ் ஃபிளெட் ‘பெருங்காதன்’, ஜேம்ஸ் ஃபிளெட் ‘மூத்த ராஜா’, ஜேம்ஸ் ஃபிளெட் ‘வாத்து’. சென்ற ஆண்டு உறைபனியில் அக்கல் பிளந்தது. அதற்கு மாற்றாக வெண்கலப் பலகை வார்க்கத் தாங்கள் ஆணையிட்டமைக்கு நன்றி. ஆயினும் 09-02-1987 அன்று மன்ற அலுவலகத்தில் ஒட்டப்பட்ட மாதிரித் தாளில் பட்டப்பெயர் ஒன்றும் இல்லை. ஜேம்ஸ் ஃபிளெட் என்ற வரி மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு முறை, அச்சுப்பிழை போல் நிற்கிறது.

3. 12-02-1987 வியாழனன்று ‘கேரட்’ அவர்களின் மனைவி திருமதி ஜெஸ்ஸி ஆன் (வயது 88) அத்தாளைக் காண விரும்பினார். நான் அழைத்துச் சென்றேன். வெகுநேரம் பார்த்தபின் அவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: “ஏண்டா வாத்து, இதுல எம் புருசன் எவன்?” என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர், அவ்வாறு அழைக்க உரிமை உடையவர். அவர் கையுறையைக் கழற்றி, நான்கு வரிகளையும் விரலால் தொட்டார். “நாலு பேரையும் தொட்டுட்டேன். மத்த மூணு பொண்டாட்டிங்களும் மேலேருந்து என்னைத் திட்டப் போறாளுக” என்றார். அலுவலகத்தில் இருந்தோர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை.

4. 24-02-1987 அன்று தங்கள் உதவியாளர் செல்வி இங்கிராம் என்னிடம் இரண்டு காரணங்கள் கூறினார். முதலாவது: “இப்ப ஊர்லயே ஃபிளெட்னு நாலே பேருதான் சார் இருக்கீங்க. பட்டப்பேரு வெச்சு யாரைப் பிரிக்கணும்?” இரண்டாவது: “செத்துப்போன மனுசரை வாத்துன்னு வெண்கலத்துல எழுதினா மரியாதையாவா இருக்கும்?” அவர் நல்ல மனத்துடனேயே பேசினார். இரண்டுக்கும் மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

5. எண்ணிக்கை பற்றி. அன்று நால்வர் என்பது சரியே. மூன்றாம் நாள், 27-02-1987 வெள்ளி அதிகாலை 4.15க்கு என் தம்பி மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, ஆகவே ஐவர். 1931இலோ இவ்வூர் வாக்காளர் 412 பேரில் 187 பேர் ஃபிளெட். அவர்களில் ஜேம்ஸ் ஃபிளெட் மட்டும் இருபத்துமூவர். துறையில் கல்லெறிந்தால் ஒரு ஃபிளெட்டின் தலையில்தான் விழும் என்று அண்டை ஊரார் கேலி பேசினர். நாங்கள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம். பட்டப்பெயர் எழுதாத கடிதத்தைத் தபால்காரர் பட்டுவாடா செய்ய மறுத்தார். இதே மன்றம் அச்சிட்ட வாக்காளர் பட்டியலிலும் பட்டப்பெயர்கள் உள்ளன. பிறகு மீன் குறைந்தது. மகன்கள் கனடாவுக்கும் அபர்டீனுக்கும் சென்றனர். மகள்கள் மணமாகி வேறு குடும்பப்பெயர்களுக்குப் போயினர். பெயர் அரிதானது இப்போதுதான். பலகையில் இருப்பவர்கள் 1931ஆம் ஆண்டைச் சேர்ந்தவர்கள். உயிரோடிருப்போர் குறைந்ததால் மாண்டவர் குறைவதில்லை, ஐயா.

6. மரியாதை பற்றி. ‘வாத்து’ என் பாட்டனாரின் நடையால் வந்தது. என் தந்தை நேராகவே நடந்தார். ஆயினும் அப்பெயரை மறுக்கவில்லை. நானும் அவ்வாறே. என் பள்ளிப் பதிவேட்டிலும் திருமணப் பதிவிலும் அது உள்ளது. முப்பத்தெட்டு ஆண்டுகள் துறைமுகக் கணக்கேடுகளில் அதனோடுதான் கையெழுத்திட்டேன். ஃபிளெட் என்பது ஊருக்கெல்லாம் பொது. ‘வாத்து’ எங்கள் வீட்டுக்கு மட்டுமே உரியது.

7. பலகை 23-03-1987 திங்களன்று வார்ப்புக்குச் செல்வதாகவும், 12-04-1987 ஞாயிறன்று திறக்கப்படுவதாகவும் அறிகிறேன். வார்க்கப்பட்டபின் திருத்த இயலாது. எனவே அந்நாளுக்கு முன் பதினேழு பேரின் பட்டப்பெயர்களையும் சேர்க்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். பலகையில் இடம் போதாது எனத் தாங்கள் கருதினால், என் தந்தையின் வரியிலிருந்து ‘ஜேம்ஸ் ஃபிளெட்’ என்பதை நீக்கிவிட்டு, ‘வாத்து’ என்று மட்டும் பொறியுங்கள். இவ்வூரில் அவரை அடையாளம் காண அது போதும்.

தங்கள் விரைந்த நடவடிக்கையை எதிர்நோக்கும்,

ஜேம்ஸ் ஃபிளெட் ‘வாத்து’
(ஒப்பம்)

இடம்: ஸ்கெர்ரிஹேவன்
நாள்: 10-03-1987

இணைப்புகள்:
1. முதல் மனுவின் நகல்.
2. 1931ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியல், பக்கம் 4 முதல் 9 வரை.
3. பழைய கல்லின் மீது தாள் வைத்துக் கரியால் தேய்த்தெடுத்த பெயர்ப்படி (14-08-1985 அன்று, கல் பிளப்பதற்கு முன் எடுத்தது). ஒன்றே உள்ளது, மடிக்காமல் திருப்பி அனுப்புக.
4. நான்கு ஜேம்ஸ் ஃபிளெட்டுகளின் குடும்பத்தார் ஒப்புதல். ‘மூத்த ராஜா’ குடும்பத்தார் கனடாவிலிருந்து தந்தியாக அனுப்பியுள்ளனர். திருமதி ஜெஸ்ஸி ஆன் பென்சிலால் எழுதியுள்ளார். படிக்க இயலாவிடில் நேரில் வந்து படித்துக் காட்டுகிறேன்.