முதல் பேட்டரி

ஏப்ரல் 9, வியாழன்

காற்றே இல்லை. உப்பளப் பக்கம் பார்த்தாலே கண் கூசுகிறது. மத்தியானமே தலைவலி.

ஆபீசுக்கு அரை நாள் லீவு. காரணம்: வீட்டில் விசேஷம். விசேஷம் என்னவென்றால் இவர் ஓட்டும் லாரியில் ஃபிரிட்ஜ் வைப்பது.

நாளை இவர் கிளம்புகிறார். துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கை ஒன்று, கர்நாடகத்துக்கு. அந்த நீளத்துக்கு வண்டி ஊர்ந்துதான் போகும், அதுவும் போலீஸ் விடும் நேரத்தில் மட்டும். பன்னிரண்டு நாள் என்கிறார். பன்னிரண்டு நாளும் இன்சுலின் கேபினுக்குள் வேக வேண்டும். போன நடையில் பிளாஸ்க்கில் ஐஸ் உருகி, ஊசி மருந்து வெந்நீரில் மிதந்திருக்கிறது. எட்டயபுரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. இதைச் சொன்னது இவர் இல்லை. மாரியப்பன் அண்ணாச்சி, முன்னால் சிவப்புக் கொடி கட்டிய பைலட் ஜீப் ஓட்டுகிறவர்.

முதலாளிக்குச் சுகர் விஷயம் தெரியாது. தெரிந்தால் இறக்கை வண்டியைப் பிடுங்கிவிட்டு யார்டுக்குள்ளேயே சுற்றச் சொல்வார் என்று இவருக்குப் பயம். அண்ணாச்சியையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. கேபின் திரையை இழுத்துவிட்டுத்தான் ஊசி.

வாங்கியவை:
ஃபிரிட்ஜ் (சின்னது, 12 வோ.)
ஒயர், எட்டு மீட்டர்
ஃபியூஸ்
கன்வெர்ட்டர் — வரவில்லை

வராததுதான் முக்கியம். வண்டி 24 வோ. பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு பேட்டரி, ஒன்றின் வாலில் ஒன்று. ஃபிரிட்ஜுக்கு நேரே கொடுத்தால் பொசுங்கும். இருபத்திநாலைப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்கத்தான் கன்வெர்ட்டர். கடைக்காரர் மூன்று நாளாக "நாளைக்கு வந்துரும்க்கா."

கடைசியில் லாரி ஷெட்டில் எல்லோரும் செய்வதையே செய்தேன். இரண்டு பேட்டரியும் சேரும் நடு இடத்திலிருந்து ஒரு ஒயர். அங்கே பன்னிரண்டுதான் வரும். பாட்டுப் பெட்டி, சின்ன ஃபேன் எல்லாம் இவர்கள் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். நான் டிப்ளமோ படித்தவள். இன்வெர்ட்டர் கம்பெனியில் கம்ப்ளைன்ட் போன் எடுக்கிறவள். இப்படி எடுக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள். இரண்டு நாளைக்குத்தானே. சனிக்கிழமை கன்வெர்ட்டர் வந்ததும் பஸ்ஸில் போட்டுவிடலாம்.

இவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டே முனகல். "ஏளா, மண்பானைல வச்சா போதும்னு டாக்டரே சொல்லிருக்காரு."

"குலுங்குத வண்டில பானை நிக்குமா?"

"நிக்காது."

"அப்ப ஒழுங்கா டார்ச்ச பிடிங்க."

ஃபிரிட்ஜில் பச்சை விளக்கு எரிந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, "குளுருதே" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி.

ஏப்ரல் 10, வெள்ளி

காலை ஆறு மணிக்குக் கிளம்பியாயிற்று. ரவுண்டானாவில் வண்டி திரும்பவே அரை மணி நேரம். கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது, நானும்.

ஆபீஸ். காலையில் மட்டும் பதினேழு போன் கால். ஒரு அம்மா, இன்வெர்ட்டர் "அழுகுது" என்றார். பீப் சத்தம்.

சாப்பிடும்போது சேவியர் அண்ணனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் சீனியர் டெக்னீஷியன். கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"நடுவுலயா எடுத்த? நீயா?"

"ரெண்டு நாளைக்குத்தான்."

"கலா, ரெண்டு பேட்டரில வேலை செய்யுதவன் பசியோட கெடப்பான். சும்மா இருக்கவனுக்கு வயித்துக்கு மிஞ்சிப் போவும். டைனமோவுக்கு யாரு பசிச்சவன்னு தெரியாது, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஊட்டும். கடைசில ரெண்டும் சாவும்."

தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்து செய்தது என்பதால்தான் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் இவர் போன். எட்டயபுரம் தாண்டி ஓரம் கட்டியிருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் ஓடுகிறதாம். இன்ஜின் நின்ற பிறகும் ராத்திரி முழுக்க ஓடும். அந்த ஒற்றைப் பேட்டரியில்.

கன்வெர்ட்டர் கடை: "நாளைக்கு."

ஏப்ரல் 11, சனி

கன்வெர்ட்டர் இல்லை. பார்சல் லாரி இன்னும் வரவில்லையாம். லாரிக்காரர் பெண்டாட்டியிடமே லாரி கதை.

11.20க்கு இவர் போன். அருப்புக்கோட்டை வரை எப்படியோ வந்துவிட்டு, அங்கே நிறுத்திய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரிக் கடையில் இரண்டையும் கழற்றித் தனித்தனியாகச் சார்ஜ் போட்டு மாட்டிவிட்டார்களாம்.

"ஒன் வயரு மட்டும் தொங்குது. எங்கன மாட்ட?"

என் மற்றக் காதில் ஆபீஸ் போன். ஏதோ கல்யாண மண்டபம், கரண்ட் இல்லை, கத்தல்.

"முதல் பேட்டரி பிளஸ்ல மாட்டுங்க."

"முதல்தான?"

"முதல்தான்."

வைத்துவிட்டார். நான் மண்டபத்து போனுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் கேட்டேன், ஓடுதா என்று. "ஓடுது ஓடுது."

ஏப்ரல் 12, ஞாயிறு

உட்கார முடியவில்லை. ஃபேன் இறக்கையைத் துடைத்தேன். சுத்தமாக இருந்த திரைச்சீலையைத் துவைத்தேன். மீன்காரி சாளை மீனுக்கு விலை சொல்ல, பேரம் பேசாமல் வாங்கியதில் அவளுக்கே சந்தேகம். "ஒடம்புக்கு ஏதுமாக்கா?"

ஐந்து தடவை போன் செய்தேன். மூன்று தடவை எடுத்தார்.

சுகர் எவ்வளவு? "நூத்தி அறுவது."
ஃபிரிட்ஜை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. "சிக்னல் இல்ல."
சிக்னல் இல்லாமல் எப்படிப் பேசுகிறீர்கள்? "ஏளா, சும்மா கெட."

குரல் காய்ந்து கிடந்தது. வெயில் என்கிறார்.

"ஓடுது" என்று ஒரு தடவை சொன்னால் ஓடுகிறது. இரண்டு தடவை ஏன் சொன்னார்? கல்யாணமாகிப் பதினொரு வருஷம். இவர் எதையும் இரண்டு தடவை சொல்கிற ஆள் இல்லை. சைக்கிள் திருடு போனபோது மட்டும் சொன்னார், "இருக்கு இருக்கு" என்று.

ஏப்ரல் 13, திங்கள்

பத்து மணிக்கு ஆபீசுக்கே கன்வெர்ட்டர் வந்தது. உள்ளங்கை அளவு. இதற்கா இந்தப் பாடு?

பார்சல் எந்த பஸ்ஸில் என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே மாரியப்பன் அண்ணாச்சி போன்.

"யம்மா, ஒன்ட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கான். சொல்லுதேன். அந்தப் பெட்டி அன்னைக்கே பொகைஞ்சிட்டு. அருப்புக்கோட்டைலயே. இப்ப அதுக்குள்ள சீப்பும் பவுடரும் வச்சிருக்கான்."

"மருந்து?"

"கேபின்லதான் கெடக்கு. கெட்டுப் போயிருக்கும்னு நேத்துலருந்து போடவே இல்ல போலுக்கு. கொடங்கொடமா தண்ணி குடிக்கான். போர்டு எழுத்து தெரியலங்கான். நான் முன்னால போயி வழி காட்டுதேன், அவன் என் கொடியப் பாத்தே ஓட்டுதான்."

சேவியர் அண்ணன் போனை வாங்கி வைத்துவிட்டு, என்ன சொல்லி மாட்டச் சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன்.

"முதல்னா எந்த முதல்?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆபீசில் எர்த் பக்கம் இருக்கிறதுதான் முதல் பேட்டரி. மைனசிலிருந்து எண்ணுவோம். பயிற்சியில் அப்படித்தான். லாரிக்காரர்களுக்குக் கேபினை ஒட்டி இருப்பது முதல். அதன் பிளஸ்ஸில் வருவது முழு இருபத்திநாலு. அவர் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார், நான் சொன்ன இடத்தில். திரும்பவும் கேட்டார் வேறு, முதல்தானா என்று.

ஃபியூஸ் போட்டேனே என்று ஒரு நிமிஷம் மனசு வாதாடியது. மருந்து கெட்டதற்கு ஃபியூஸ் ஜாமீன் வருமா?

பை: கன்வெர்ட்டர், மீட்டர், ஸ்பேனர், சுகர் பார்க்கும் மெஷின், புது இன்சுலின் பேனா இரண்டு, பிளாஸ்க்கில் ஐஸ். மாற்றுத் துணி மறந்தேன்.

12.40 மதுரை பஸ். பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து எனக்கே புரியாது. திண்டுக்கல் பைபாஸில் நிற்கிறார்களாம். பிளாஸ்க்கை மடியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த அம்மா, "கொழந்தைக்குப் பாலா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

திண்டுக்கல். ஆஸ்பத்திரி வராந்தா. சித்திரை ஒன்று. வார்டில் எல்லோருக்கும் பாயசம் கொடுத்தார்கள், இவருக்கு மட்டும் இல்லை. முறைத்தார். முறைக்கத் தெம்பு வந்திருக்கிறது.

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

இறக்கையின் நிழலில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்து, கண் உள்ளே போய். என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், ஆபீசர் வந்த மாதிரி. மெஷினில் 438. இரண்டாவது தடவை குத்திப் பார்த்தேன், 441.

அண்ணாச்சி ஜீப்பைத் திருப்பிவிட்டார், ஆஸ்பத்திரிக்கு. இவர் ஏறவில்லை. ரோட்டோரம் இறக்கையை விட்டுவிட்டுப் போனால் முதலாளிக்குச் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? வயிற்று வலி என்று சொல்லப் போகிறேன் என்றார். வயிற்று வலிக்கு ஒரு மணி நேரத்தில் திரும்பி வரச் சொல்வார்கள், அப்புறம் என்ன செய்வீர்கள் என்றேன்.

"நான்தான் வயர மாத்தி மாட்டி ஒன் பெட்டிய எரிச்சிட்டேன். நீ ஆசையா வாங்குனது. அதான் சொல்லல."

பேட்டரிப் பெட்டி மூடியைத் தூக்கினேன். முதல் எது, கையை வையுங்கள் என்றேன். கேபின் பக்கத்துப் பேட்டரியில் வைத்தார்.

"எனக்கு அந்தப் பக்கம் முதல்" என்று கடைசியைக் காட்டினேன். "நீங்க ஒண்ணும் மாத்தி மாட்டல. நான்தான் எந்தப் பக்கம்னு சொல்லல. நடுவுல வயரு எடுத்ததும் நான்தான், தப்புன்னு தெரிஞ்சே எடுத்தேன். தப்பு என்னோடது. ஆனா பொய் ஒங்களோடது. ரெண்டு நாளு கண்ணு தெரியாம இத ஓட்டிருக்கீங்க. யார் மேலயாவது ஏத்திருந்தா?"

ரோட்டில் நின்று அழுதேன். வெட்கமாக இல்லை, கோபமாகத்தான் இருந்தது.

பேட்டரிப் பெட்டியை மூடினார். பிறகு போனை எடுத்தார். எழுத்து தெரியாததால் என்னிடம் நீட்டி, முதலாளி பேரைத் தேடித் தரச் சொன்னார்.

"முதலாளி, எனக்குச் சுகர் இருக்கு. நாலு வருசமா. ஊசி போடுதேன். இப்ப கூடிட்டு. வேற ஆளு அனுப்புங்க."

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. "சரி முதலாளி" மூன்று தடவை.

இன்று காலை வேறு டிரைவர் வந்துவிட்டார். நான் போய் அந்த ஒயரை அடியோடு உருவிவிட்டேன். இன்னொருத்தர் வண்டியில் என் தப்பு போக வேண்டாம். இரண்டு பேட்டரியையும் மீட்டரில் பார்த்தேன். கேபின் பக்கத்தது பொங்கியிருக்கிறது, மாற்றச் சொன்னேன். எப்படிச் சொன்னேன்? "கேபினை ஒட்டி இருக்குல்லா, அது." முதல் என்று சொல்லவே இல்லை.

சுகர்: காலை 310. மாலை 242.

ஏப்ரல் 15, புதன்

188. நாளை விடுவார்கள்.

முதலாளியிடமிருந்து ஒரு வார்த்தை. "டாக்டர் சீட்டோட வா, பாப்போம்." இந்தப் பாப்போமை இருவரும் காலையிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். இவர் யார்டு வண்டி என்கிறார். நான் பைலட் ஜீப்பாகக்கூட இருக்கலாம் என்கிறேன். இவர் இறக்கையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அத்தனை பெரிசைத் திருப்புகிற ஆள் ஊரில் எத்தனை பேர்? எனக்கும்தான் வலிக்கிறது. ஆனால் முதலாளிக்குச் செய்த அந்த போனைத் திரும்பச் செய்ய வேண்டுமென்றால் திரும்பவும் செய்யச் சொல்வேன்.

ஆபீஸ் லீவு முடிந்தது. சேவியர் அண்ணன் சமாளிக்கிறார்.

ஏப்ரல் 16, வியாழன்

மதுரையில் திருச்செந்தூர் பஸ். கோயிலுக்குப் போகிற கூட்டம், நிற்க இடமில்லை. எனக்கு லேடீஸ் சீட். இவருக்கு எதிர்ச் சீட்டில், மூன்று பேர் இருக்கிற இடத்தில் பாதி உட்காரல்.

அருப்புக்கோட்டை வந்தது. இவரும் நானும் பேட்டரிக் கடைகள் பக்கமே பார்க்கவில்லை.

இவர் பக்கத்தில் ஒரு பெரியவர், பேரனை மடியில் வைத்துக்கொண்டு. இவர் கையில் ட்ரிப் குத்திய இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டார்.

"தம்பிக்கு என்ன?"

எனக்குத் தெரியும் இவர் என்ன சொல்வார் என்று. வண்டிக் கதவு இடித்தது, கொக்கி கிழித்தது.

"சுகர். ஊசி போடுத ஆளு நான். ரெண்டு நாளு விட்டுட்டேன், படுக்க வச்சிட்டு."

பஸ் சத்தத்துக்கு மேலே. நாலு சீட்டுக்குக் கேட்டிருக்கும். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், முகத்தை யாரும் பார்க்காமல் இருக்க.

பெரியவர் பேரனைத் தூக்கி மறு தொடையில் வைத்துக்கொண்டு, இவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.