பளபளப்புக்கு நானாச்சு

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பட்டறையிலேயே குடியிருப்பதாக அத்தான் குறைப்பட்டுக்கொள்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

எங்கள் கம்பெனியின் மின்னணு அட்டைகளை வைக்க நீ அனுப்பிய மாதிரித் தட்டைப் பார்த்த மேலாளர், "என்னப்பா, அடுப்புக்கரி மாதிரி இருக்கு?" என்றார். உன்னைச் சிபாரிசு செய்தவன் நான். என் மானத்தைக் காப்பாற்று. கொஞ்சம் பளபளப்பாக்கிச் சீக்கிரம் அனுப்பு.

அன்புத் தம்பி

ஜனவரி 19

என் செல்லத் தம்பிக்கு,

உன்னோடு அவசரமும் இரட்டையாகப் பிறந்தது போல.

பிளாஸ்டிக்கை உருக்கிக் கரித்தூளைச் சேர்த்துப் பிசைகிறோம். கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதில் மின்சாரம் ஓடும். அதிகமாகப் பிசைந்தால் மினுமினுப்பு வரும், அந்தத் தொடர்பு அறுந்துபோகும். நீ கேட்டாயே என்று பிசையும் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டியிருக்கிறேன். தட்டில் மின்சாரம் ஓடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன். பொறு.

உன் அக்கா

ஜனவரி 23

அக்கா,

மீட்டரெல்லாம் பிறகு. இந்தக் கடிதத்தோடு வண்டியும் வருகிறது, ஏற்றிவிடு. எதுவானாலும் நானாச்சு.

தம்பி

பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

தூக்கமே இல்லை. மீட்டர் பார்க்காமலே நீ ஏற்றிவிட்ட தட்டுகளில் வைத்த அட்டைகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. வேலை செய்பவர்கள் உடம்பில் உராய்வால் சேரும் மின்சாரம் தட்டு வழியாக இறங்காமல் அட்டைக்குள் பாய்கிறதாம். அடுத்த வாரம் விசாரணை.

நான் அவசரப்படுத்தியது இங்கே யாருக்கும் தெரியாது. நீயாகவே வேகத்தைக் கூட்டி, சோதிக்காமல் அனுப்பியதாகக் கம்பெனிக்கு எழுதிவிடேன். உனக்கு வேறு ஆர்டர் வரும். எனக்கு இந்த வயதில் யார் வேலை தருவார்கள்? உன் பதில் வரும்வரை இருப்புக்கொள்ளாது.

தம்பி

பிப்ரவரி 18

தம்பிக்கு,

நீ கேட்டபடியே எழுதி அனுப்பிவிட்டேன். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. இனி எந்தக் கம்பெனியும் என் தட்டைத் தொடாது என்பது உனக்கும் தெரியும், வேறு ஆர்டர் வரும் என்று எழுதியபோதும் தெரிந்திருக்கும். கோபமாகத்தான் இருக்கிறது.

"நானாச்சுன்னு எழுதினானே, அவனை அப்படியே விட்டுட்டியா?" என்று அத்தான் கேட்டார்.

மீந்த தட்டுகளை உடைத்து உருக்கி வாளி செய்துகொண்டிருக்கிறோம். நல்ல பளபளப்பாக வருகிறது.

இனி எழுதுவதாக இருந்தால் பட்டறை முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்