ரஷ்யாவில் அடைபட்ட தாய்மாமன்

ஆவணி 5, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் காட்டி ஏமாற்றுகிறது. ரஷ்யாவிலிருந்து மகன் செல்வம் போன். வெல்டிங் வேலை. நாலு மாசமாகச் சம்பளம் இல்லை.

"கம்பெனிக்கு வரவேண்டிய பணம் வெளிநாட்டுப் பேங்க்ல நிக்குதும்மா. டிக்கெட்டும் போட மாட்டேங்கிறாக."

"பத்து நாள்ல உன் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேணாமாடா?"



ஆவணி 6, வெள்ளி

பேங்குக்குப் போனேன். கவுன்ட்டர் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். "நாடுகளுக்குள்ள சண்டை பாட்டி. அந்த நாட்டுப் பேங்க்கோட கொடுக்கல் வாங்கல் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க."

"ஊரை விட்டுத் தள்ளி வைக்கிற மாதிரியா?"

"அப்படித்தான்."

"சண்டை போட்டவுக வீட்டுல எல்லாம் அடுப்பு எரியுதுல்ல? எம்மவனுக்கு எதுக்குத் தாயி தண்டனை?"

பின்னால் நின்றவன், "கிழவியை நகரச் சொல்லுங்க" என்றான். பஸ் ஸ்டாண்டு செருப்புக் கடைக்காரன். முகத்தைக் குறித்துக்கொண்டேன்.

பச்சரிசி, வெல்லம், மிளகு வாங்க மறந்தாச்சு.

ஆவணி 8, ஞாயிறு

மகள் ராசாத்தி போனில் அழுகை. மாமியார் சொன்னாளாம்: "ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. ஒங்க வீட்டுல மடி இல்லைன்னா எங்க ஆளு மடியில வச்சுக் குத்திக்கிடுறோம்." எம்புட்டுத் திமிர். பிறந்த வீட்டில் நாதியில்லை என்று ஆகிவிடும்.

நாதி இருக்கிறது. கொழுந்தன் மகன் தங்கராசு. ராசாத்திக்கு அவனும் அண்ணன் முறை. ஆனால் பதினோரு வருசம் முன்னால், சித்திரை, செவ்வாய்க்கிழமை, சிவப்புச் சட்டை. எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்கு வந்த தண்ணீரை மறித்தவன். அன்றோடு விலக்கி வைத்தேன். செல்வத்தையும் ராசாத்தியையும் பேச விடவில்லை. ராசாத்தி கல்யாணத்துக்குத் தானாக வந்து பந்தல் ஓரம் நின்றான். பார்க்காததுபோல் போனேன். ராசாத்தி பார்த்துவிட்டு மணமேடையில் அழுதாள்.

'எம்மவனுக்கு எதுக்குத் தண்டனை' என்று பேங்குப் பிள்ளையிடம் கேட்ட கேள்வி என்னையே குத்துகிறது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடை. உட்கார முடியவில்லை.

ஆவணி 9, திங்கள்

தூறல். தங்கராசு வீட்டுக்குப் போனேன். விசயத்தைச் சொன்னேன்.

"செல்வம் வர முடியலைன்னதும்தான் என் ஞாபகம் வந்துச்சா பெரியம்மா?"

"ஆமடா. அவன் வந்திருந்தா உன் வாசலை மிதிச்சிருக்க மாட்டேன்."

சிரித்தான். அவன் அப்பனுக்கும் இதே சிரிப்பு. அதுவும் எனக்குப் பிடிக்காது.

"எத்தனை மணிக்கு வரணும்?"

காதுகுத்துக்கு ஞாயிறு விடியக்காலம் வேன். அவனுக்கும் ஒரு இடம் சொல்லியாச்சு. முன்சீட்டு கிடையாது.