திறக்காத நகர வாசல்

சார்,

இன்று அரியலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டப முகப்பில் கோட்டை வாசல் ஒன்றைத் தெர்மாகோலில் செய்து நிறுத்தியிருந்தார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் பரிசை யாரிடமோ கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் பெரம்பலூரில், நம் பள்ளி ஆண்டு விழாவில் ஆசிரியர்களே நடிக்க ஒரு நாடகம் எழுதினேன். ஓவிய ஆசிரியர் நீங்கள். "இல்லாத ஊருக்கு ஒரு வாசல் வேணும் சார்" என்றேன்.

"ஊரு இல்லாட்டி என்ன டீச்சர், வாசல் நிக்கணும்ல?" என்று சிரித்தீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரஞ்சன்குடி கோட்டைக்குப் போய், வாசல் வளைவை டேப் பிடித்து அளந்தோம். இரண்டு தடவை நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "வாயுப் பிடிப்பு டீச்சர்" என்றீர்கள். நானும் நம்பினேன்.

பத்தே நாளில் பிளைவுட்டில் உங்கள் நகர வாசல் எழுந்தது. கல் இடுக்கில் படிந்த பாசியைக்கூட விடாமல் தீட்டியிருந்தீர்கள். உள்ளிருந்து கயிற்றை இழுத்துக் கதவைத் திறப்பது உங்கள் வேலை.

விழா அன்று ராஜா வேடத்தில் வந்த கணக்கு சார், "திறவுங்கள் கதவை!" என்றார். திறக்கவில்லை. மறுபடியும் கத்தினார். கூட்டம் சிரித்தது. எனக்கு அவமானம் தாங்கவில்லை. ஓடிவந்து கதவிடுக்கில் வாயை வைத்து, "திறந்து தொலைங்க சார், மானத்த வாங்காதீங்க" என்றேன்.

திட்டிக்கொண்டே பின்பக்கம் போனேன். கயிற்றைப் பிடித்தபடி கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். தோளைத் தொட்டேன். சரிந்துவிட்டீர்கள். வெளியே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செத்துப்போன மனிதரையா திட்டினேன்? இல்லை, அது உங்கள் காதில் விழுந்ததா? எது மோசம் என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாம் நாள் லப்பைக்குடிக்காட்டில், உங்கள் வீட்டில், உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான பக்கத்துல இருந்தீங்க டீச்சர். கடைசியா என்ன சொன்னாங்க?"

"வாசல் நல்லா வந்திருக்குன்னு சொல்லிச் சிரிச்சாருங்க."

"அல்லா! சிரிச்ச முகமாத்தான் போயிருக்காங்க" என்று அழுதார். அவர் பிடி தளர்ந்தது.

துபாயிலிருந்து உங்கள் மகன் ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் செய்கிறான். "அத்தா கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்" என்கிறான்.

சொல்கிறேன் சார். ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.