வாளி நிறைய மீன்தொட்டித் தண்ணீர்

அண்ணா, சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது.

நேற்று உன் மீனுக்கு ஆன்டிபயாடிக் மருந்து போட்ட தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றப் போனாய். நான் கத்தினேன். "கிருமிக்கெல்லாம் வக்காலத்து வாங்குறியே, என் மீனு உனக்குப் பெருசில்லையா?" என்று நீயும் எகிறினாய். காலையில் குளியலறையைத் திறந்தால், வீட்டிலுள்ள வாளி அத்தனையிலும் அந்தத் தண்ணீர்! ஒரு சொட்டுக்கூட நீ கொட்டவில்லை.

நான் வேலை பார்க்கும் கழிவுநீர் நிலையத்தில் ஊர்க் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை அந்தக் கிருமிகள்தான். மருந்து கலந்தால் பல செத்துப்போகும். பிழைத்தவை மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் நமக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை கேட்காது.

மருந்தை உறிஞ்சும் கரி வாங்கி வருகிறேன். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார், வாளிகளைத் தொடவிடாதே.

ரொம்ப நன்றி, அண்ணா.

தங்கச்சி

பி.கு. குளிக்க வாளி இல்லாமல் டீ பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக் குளித்தேன். தேய்த்துக் கழுவிவிட்டேன், முகம் சுளிக்காதே.

இன்னொன்று: உன் மீன் காலையில் இரை எடுத்தது. சொல்ல ஓடி வந்தேன். வாளி தூக்கிய கையைத் தலைக்கு வைத்து நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனம் வரவில்லை.