சந்திரனில் மேரி ஆபீஸ் இல்லை

12-10-57, சனி
காலையில் தூறல். சோடா மிஷினுக்கு வாஷர் மாற்ற வேண்டும். ‘சந்திரலோகத்தில் ஒரு சொல்தா’ இரண்டாம் பாகம்: ஒரு வரியும் நகரவில்லை.

ருஷ்யாக்காரன் உருண்டை ஒன்றை வானத்தில் விட்டானாம். ஊரெல்லாம் அதே பேச்சு. நான் போன வருடமே சோடா கேஸ் அடைத்த ராக்கெட்டில் ஆளையே அனுப்பியவன். என் புத்தகம் மாஸ்கோ வரை போயிருக்க வேண்டும். கடலூர் வரை போனது எனக்கே தெரியும்.

சிக்கல்: அந்த ஆளை முதல் பாகத்தின் முடிவில் கொன்றுவிட்டேன். காகிதம் தீர்ந்தது, சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்றார் அச்சகத்துக்காரர். ஒரே வரி. ‘சொல்தா லூயி சந்திரனில் மாண்டார்.’ நல்ல வரி. படித்தவர்கள் அழுதார்கள். இப்போது நான் அழுகிறேன்.

13-10, ஞாயிறு
லூயி அண்ணன் இன்றும் வரவில்லை. எதிர் வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனில் வந்தவர். கதைக்குப் பெயர் அவருடையது, மீசையும் அவருடையது. தினம் சாயங்காலம் கடையில் ஒரு பன்னீர் சோடா, ஒரு சிட்டிகைப் பொடி, ஒரு தும்மல். அலமாரிப் பாட்டில் எல்லாம் கிணுகிணுக்கும்.

அவர் மகள் தெரேஸ் வந்து காரணம் சொன்னாள். பென்ஷனுக்காக, உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்க, பிறப்பு இறப்பு பதியும் மேரி ஆபீஸுக்கு, அதாவது நகராட்சிக்கு, போனாராம். குமாஸ்தா, “முசியே, நீங்கதான் சந்திரன்ல செத்துட்டீங்களே, இங்க இன்னா வேலை?” வரிசை முழுக்கச் சிரிப்பு.

“அப்பா ஒங்க மேல கோவமா கீறாரு, மாமா. பொழைக்க வெக்கிற வரைக்கும் கடைப்பக்கம் வரமாட்டாராம்.”

அவர் ஸ்டூலை யாருக்கும் கொடுக்கவில்லை.

15-10, செவ்வாய்
மழை. வியாபாரம் மந்தம். பிழைக்க வைக்கும் வழிகள்:
சந்திரனில் அமுதம் ஊறுகிறது. (சம்சாரம்: “அமுதம் கெடச்சா அப்புறம் எதுக்கு சோடா குடிக்கணும்? கடைய மூடு.”)
எல்லாம் கனவு. (தெரேஸ்: “வாங்கிப் படிச்சவங்க ஒதைப்பாங்க, மாமா.”)
இரட்டைத் தம்பி. லூயி அண்ணனுக்குத் தம்பியைக் கண்டால் ஆகாது. அடித்துவிட்டேன்.

20-10, ஞாயிறு
புரட்டாசி முடிந்து முதல் மீன். வஞ்சிரம். சம்சாரம் ஆய்ந்துகொண்டே கேட்டாள்:
“அவரு செத்தாருன்னு மேரில யாரு போயி எழுதுனது?”
“சந்திரன்ல மேரி ஏதுடி?”
“எழுதாமயே எப்பிடி செத்தாரு? நம்மூர்ல எழுதினாத்தான சாவு.”

அரிவாள்மணையைத் தாண்டிக் குதித்தேன். எனக்கும் தோன்றியதுதான், சற்றுப் பின்னால்.

27-10, ஞாயிறு
தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு உட்கார்ந்து முடித்தேன். சொல்தா எழுந்து உட்கார்கிறார். பதியாத சாவு சாவல்ல. ராக்கெட் நோணாங்குப்பம் உப்பங்கழியில் விழுகிறது. சொட்டச் சொட்ட ஓடி, மேரி கதவு சாத்துமுன் நுழைகிறார். குமாஸ்தா: “உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி?” சந்திரத் தூசி மூக்கில் ஏறுகிறது. தும்முகிறார். காகிதமெல்லாம் பறக்கிறது. “செத்தவன் தும்மியதுண்டா, முசியே?”

இப்படி உலகத்தில் எவனும் எழுதியதில்லை. பிரான்சிலும் விசாரிக்கலாம்.

தெரேஸிடம் கொடுத்தனுப்பினேன்.

28-10, திங்கள்
பதில் இல்லை. எதிர் வீட்டு ஜன்னல் சாத்தியே இருக்கிறது. வாஷர் மாற்றினேன். பன்னீர் சோடா ஒன்று தனியே எடுத்து வைத்தேன். நேரமாயிற்று என்று வேறு ஆளுக்குக் கொடுத்தேன். இன்னொன்று எடுத்து வைத்தேன்.

29-10, செவ்வாய்
வெயில். லூயி அண்ணன், காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. உட்காரவில்லை.

“ஓடுனேன்னு எழுதிகீற. முட்டிவலிக்காரன் எங்கய்யா ஓடறது? நடந்தேன்னு மாத்து.”
மாற்றினேன்.
“குமாஸ்தா எழுந்து நின்னான்னு ஒரு வரி சேரு.”
சேர்த்தேன்.
கடைசிப் பக்கத்தின் அடியில், ஆபீஸ்காரர்கள் போடுவது போல, பிரெஞ்சில் ‘வூ’ என்று எழுதினார். பார்த்தாயிற்று என்று அர்த்தம். கீழே கையெழுத்து, தேதி.

பிறகு தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். சோடாவைக் குடித்து முடித்தார். பொடி டப்பியை எடுத்தார்.

அலமாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.