அம்மா கேட்கவைத்த குறட்டை

இன்று காலாப்பட்டிலிருந்து திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கரகரவென்று குறட்டை விட்டார். தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "இன்னாய்யா, மனுசன தூங்க வுட மாட்டியா?" என்று கத்தினார். நியாயமான கோபம்தான். எவன் குறட்டை விட்டாலும் நான் ஏன் எழுப்பிவிடுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நண்பா, நீ பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் குருசுக்குப்பம் கடற்கரையில் உட்கார்ந்து சண்டை போடுவோம். மூக்கில் இழுக்கும் அந்த வெள்ளைத் தூளைப் பாரிசிலேயே பழகியிருந்தாய். இங்கேயும் விற்கிற ஒருவனைப் பிடித்துவிட்டாய். "செத்துத் தொலையப்போற" என்றால் சிரிப்பாய். "இது முழிக்க வைக்கிற சரக்குடா. அபின் துன்னுட்டு தூங்கி வழியற கேஸா நானு?" மடையா, எல்லாம் தெரிந்தவன் மாதிரி என்ன பேச்சு பேசினாய்!

கடைசியாக நீ வந்திருந்தபோது, ஒரு மதியம் நான் அலுவலகத்தில் இருந்தேன். உன் அம்மா செல்லில் கூப்பிட்டார்கள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "கண்ணே மூடாம ஊட்டுக்குள்ளயே சுத்திக்கினு இருந்தாம்பா. இப்பதான் அசந்து தூங்குறான். கேளேன்!" என்று செல்லை உன் முகத்தருகே பிடித்தார்கள். தொண்டையில் தண்ணீர் தேங்கியதுபோல, விட்டுவிட்டு ஒரு குறட்டை. நானும் சிரித்தேன். நம் ஊரில் மதியத் தூக்கத்தை யார் கலைப்பார்கள்? அம்மா ஜன்னல்களைச் சாத்தி, பாத்திரம் துலக்கும் பெண்ணையும் சத்தம் போடாதே என்று அடக்கியிருக்கிறார்கள். சாயங்காலம் காபியோடு எழுப்பப் போனபோது உன் உடம்பு சில்லிட்டிருந்தது.

பிரேதப் பரிசோதனையில் எடுத்த ரத்தச் சோதனை முடிவைக் கேட்டு வர அம்மா என்னைத்தான் அனுப்பினார்கள். உன் தூளில் அபின் வகைச் சரக்கும் கலந்திருந்ததாம். ஒன்று உன்னை நடமாட வைத்திருக்கிறது. அதன் வேகம் அடங்கியதும் மற்றது மூச்சை அமுக்கிவிட்டது. செல்லில் கேட்ட குறட்டையைச் சொன்னேன். "அது தூக்கம் இல்லீங்க, மூச்சு திணறுற சத்தம்" என்றார் டாக்டர். "அப்பவே தூக்கிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

"இன்னாப்பா சொன்னாங்க?" என்று வாசலிலேயே கேட்டார்கள் அம்மா.

"தூக்கத்துலயே இதயம் நின்னுடுச்சும்மா."

வேறு என்னடா சொல்வேன்?

ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் உனக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்கிறார்கள்: "எம்புள்ள கஷ்டப்படாம போனான். நல்லா தூங்குனான். இந்தப் புள்ளகூட கேட்டுச்சு." பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். "ஆமாம்மா" என்கிறேன். உண்மை தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அதைச் சொல்லி அழ எனக்கு இருந்த ஒரே ஆள் நீ.